லிஃப்டுக்கு முப்பத்தொரு விதிகள்

பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கருவியை ஓட விட்டேன், பதினொரு மணிக்கு முடியும் என்று திரையின் கீழ்மூலையில் அதுவே சொல்கிறது, ஆனால் அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது, போன தடவை இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது, என்னைப் போலத்தான், கிளம்பிவிட்டேன் என்று வீட்டுக்குப் போனில் சொல்லும்போது பெரும்பாலும் நான் செருப்பைக்கூட மாட்டியிருக்க மாட்டேன். சனிக்கிழமை. ஆபீசில் பாதி விளக்கு அணைந்திருக்கிறது, ஏசி மட்டும் வழக்கம்போல என் தலைக்கு மேலேயே குறி வைத்து வீசுகிறது, பீளமேட்டு வெயில் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்க்கிறது. தாஜுதீன் சார் தன் அறையில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது, நல்லவேளை. வியாழக்கிழமை அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது, அவர் கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குக் கோபமே வராது, அதுதான் கஷ்டம். இந்தக் கருவியைச் செய்யத் தொடங்கிப் பதினாலு மாசம் ஆச்சு வசுமதி, என்றார். ஆள் உட்கார்ந்து எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட் கேஸ் நம்மிடம் இருக்கிறது, எல்லாம் பாஸ். உங்கள் கருவி சனிக்கிழமை ஓடட்டும், அவை கண்டுபிடிக்காத எதையாவது ஒன்றை அது கண்டுபிடித்தால் மேலே பேசுவோம், இல்லையென்றால் நீங்கள் பழைய டீமுக்கே போய்விடுங்கள், அங்கே ஆள் குறைவு. பழைய டீம் என்றால் பட்டன் அழுத்துகிற டீம். பன்னிரண்டு வருஷம் அழுத்தினேன். இரண்டாவது மாடியை அழுத்து, வந்ததா, டிக் போடு. மூன்றாவது மாடியை அழுத்து, வந்ததா, டிக் போடு. எனக்கு முப்பத்தொன்பது வயது, இன்னும் பத்தொன்பது வருஷம் டிக் போடுவதற்குக் கை இருக்கிறது, மனசுதான் இல்லை. திரையில் பச்சைப் பட்டை கொஞ்சம் நகர்ந்தது. நூற்றுக்கு நாலு.

லிஃப்டு செய்கிற கம்பெனி இது, அப்படிச் சொன்னால் எல்லாரும் இரும்பையும் கயிற்றையும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் லிஃப்டுக்கு ஒரு மூளை உண்டு, யார் அழுத்தினார்கள், எங்கே நிற்க வேண்டும், கதவை எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு பண்ணுகிற புரோகிராம், அதை எழுதுவது ஜெபசீலன், அது சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது நான். இந்தத் தடவை திருப்பூர்ப் பக்கம் ஐந்து மாடி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, அடுத்த மாதம் பொருத்தப் போகிறார்கள். லிஃப்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முதலில் விதி எழுத வேண்டும், அதைத்தான் ஸ்பெக் என்பார்கள், சாதாரணமாக அதை வாக்கியமாக எழுதுவார்கள், தக்க நேரத்தில் கதவு மூட வேண்டும் என்று, தக்க நேரம் என்றால் எது, ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் அதையெல்லாம் தர்க்கக் குறியீட்டில் எழுதினேன், இது உண்மையானால் அது உண்மையாக வேண்டும், இது உள்ளவரை அது கூடாது, கணக்குப் புத்தகத்தில் வருகிற மாதிரி, இரண்டு அர்த்தம் வராத மாதிரி. மொத்தம் முப்பத்தொரு விதி. என் கருவி அந்த விதிகளைப் படித்து டெஸ்ட் கேஸ்களைத் தானே உண்டாக்கும், எந்தெந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்த வேண்டும், அப்போது லிஃப்டு என்ன செய்தால் சரி என்று தானே எழுதிக்கொண்டு, ஜெபசீலனுடைய புரோகிராமை ஓட்டிப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று தானே சொல்லும். ஆயிரத்து இருநூற்று எட்டாவது இப்போது போகிறது, திரையில் தெரிகிறது. நாலாவது மாடியிலிருந்து அழைப்பு. லிஃப்டு வருகிறது. கதவு திறக்கிறது. யாரும் ஏறவில்லை. கதவு மூடுகிறது. மறுபடி நாலாவது மாடியில் அழைப்பு. மறுபடி. மறுபடி. கரண்ட் போகிறது. கரண்ட் வருகிறது. நாலாவது மாடியில் அழைப்பு. என்ன பிடிவாதம் பார். மனிதர் எழுதுகிற டெஸ்ட் கேஸில் வருகிறவர்கள் எல்லாரும் ரொம்ப மரியாதைப்பட்டவர்கள், ஒரு தடவை அழுத்துவார்கள், காத்திருப்பார்கள், வந்ததும் ஏறுவார்கள், இறங்குவார்கள். நானும் பன்னிரண்டு வருஷம் அப்படிப்பட்ட ஆட்களைத்தான் லிஃப்டில் ஏற்றி இறக்கினேன், அவ்வளவு பொறுமைசாலிகளை இந்த ஊரில் நேரில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஜெபசீலன் முதன்முதலில் இதைப் பார்த்தபோது திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், இது ஆஸ்பத்திரிக்கு வந்த ஆளா மேடம், இல்ல ஆஸ்பத்திரியிலேருந்து தப்பிச்ச ஆளா, என்று கேட்டான். நான் இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், பஸ்ஸில் சிரித்து ஒரு அம்மா என்னைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

ஜெபசீலனை நினைத்தால்தான் மனசு ஓரிடத்தில் இடிக்கிறது. அவன் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், சனிக்கிழமை அவன் வரத் தேவையே இல்லை, தனியா உட்கார்ந்து பயந்துக்கிட்டு இருப்பீங்கல்லா, அதான் வந்தேன் என்றான், வரும்போது கோவில்பட்டியிலிருந்து அவன் வீட்டில் கொடுத்தனுப்பிய கடலைமிட்டாயை என் மேஜை மேல் வைத்தான், அதில் இரண்டு தின்றாகிவிட்டது, பல்லிடுக்கில் ஒரு துண்டு நிற்கிறது, நாக்கு அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அவன் எழுதிய புரோகிராமில் தப்பு இருக்க வேண்டும் என்று நான் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவன் கடலைமிட்டாயைத் தின்றுகொண்டே. ஒன்றே ஒன்று போதும், பெரிதாகக்கூட வேண்டாம், கதவு அரை விநாடி தாமதமாக மூடினால்கூடப் போதும், ஆனால் அரை விநாடி என்றால் தாஜுதீன் சார் இது ஒரு விஷயமா என்பார், அப்படியானால் கொஞ்சம் பெரிதாக, கதவு திறந்தபடியே நகர்வது மாதிரி, ஐயோ வேண்டாம், அது ஆஸ்பத்திரி லிஃப்டு. அப்படி ஒன்று கிடைத்தால் ஜெபசீலன் முகம் எப்படிப் போகும். போன வருஷம் வேறொரு லிஃப்டில் நான் ஒரு தப்பைக் காட்டியபோது நன்றி மேடம் என்றுதான் சொன்னான், ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவன் ரசத்தைத் தயிர்சாதத்தில் ஊற்றிவிட்டான், அதைத் தின்றும் முடித்தான். நல்லவன். நல்லவன் எழுதியதில் தப்பு இருக்கக் கூடாது, என் கருவி நல்லது என்றால் தப்பு இருந்தாக வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வழி இல்லை, அல்லது இருக்கிறதா, தப்பு இருந்து அது அவனுடையதாக இல்லாமல் இருந்தால், அப்படியென்றால் யாருடையது, கம்ப்யூட்டருடையதா, கம்ப்யூட்டர் என்றைக்கு ஒப்புக்கொண்டது. நூற்றுக்கு முப்பத்தொன்று. சிவப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் பச்சை. எனக்குப் பிடித்த நிறம்தான், இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வேண்டாம்.

எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன், பாட்டிலில் ஏற்கனவே தண்ணீர் இருந்தது. எனக்கு லிஃப்டில் பயம் உண்டு என்று இங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்தால் சிரிப்பார்கள். பயம் என்பதுகூடச் சரியில்லை, சந்தேகம். பத்தொன்பது வயதில், ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம், சித்தி பெண்ணின் கல்யாணம், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டு நின்றுபோனது. உள்ளே நான், பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்த அக்கா ஒருவர், சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், மூன்று முழு மாலைகள். சம்பங்கியும் ரோஜாவும் ஈரத்தோடு, மூச்சு முட்ட வாசனை, இன்றைக்கும் பூக்கடையைத் தாண்டும்போது எனக்குக் கால் தரையில் இல்லாத மாதிரி இருக்கும். அந்தப் பெரியவர் எல்லாப் பட்டனையும் இரண்டு கையாலும் அழுத்தினார், அலங்கார அக்கா சீப்பின் காம்பால் கதவைத் தட்டினார், நானும் எதையோ அழுத்தினேன், பதினோரு நிமிடம் கழித்து சட்டென்று அது நகர்ந்தது, நேராக மூன்றாவது மாடி போய்க் கதவைத் திறந்தது. எல்லாரும் தப்பித்தோம் என்று ஓடினார்கள். நான் மட்டும் உள்ளேயே நின்றேன். எது அழுத்தியதால் நகர்ந்தது? பெரியவர் அழுத்தியதா, நான் அழுத்தியதா, சீப்பா? வெளியே வாடி என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், தாலி கட்டுகிற நேரம் ஆகிவிட்டது. மேளம் கொட்டும்போது நான் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன், போடவே மறந்துவிட்டேன், வியர்வையில் அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. தெரியாமலே போய்விட்டது, அதுதான் இன்னும் உறுத்துகிறது, நின்றது இல்லை, நின்றது ஏன் நகர்ந்தது என்பது. பயப்படுகிறவள் வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டும், நான் லிஃப்டுக் கம்பெனிக்கு வந்தேன், அதுவும் டெஸ்டிங்குக்கு, தினமும் நாலு மாடி படி ஏறி வந்து.

போன் அதிர்ந்தது. சபாபதி. என் வீட்டுக்காரர், கல்லூரி நூலகர், சனிக்கிழமை அவருக்கு விடுமுறை, காலையிலிருந்து இது மூன்றாவது அழைப்பு, மூன்று தடவையும் வேறு எதற்கோ கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறார், முதலில் வாஷிங் மெஷினுக்கு எவ்வளவு சோப்பு, அப்புறம் கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார், இப்போது பிரியாணி. வாங்கிவிடட்டுமா என்றார். இன்னும் முடியவில்லை என்றேன். முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன, நல்லபடியா வந்தா சந்தோஷத்துக்குச் சாப்பிடுவோம், வராட்டி ஆறுதலுக்குச் சாப்பிடுவோம் என்றார். அப்படியென்றால் ரிசல்ட்டுக்கும் பிரியாணிக்கும் சம்பந்தமே இல்லையே, நீங்கள் சாப்பிட முடிவு பண்ணியாகிவிட்டது என்று சொன்னேன், ஒரு நிமிடம் யோசித்து, ஆமா என்று ஒப்புக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இப்படித்தான், இரண்டு பேரும் தனியாகப் பேசுங்கள் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, உங்களை எப்பவும் சந்தோஷமா வெச்சுக்குவேன் என்று மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னார். எப்பவுமா, இல்லை எப்பவாவதா என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, நிஜமாகவே அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தோன்றும், இப்போது வேலையிலும் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டு, அழைத்தால் லிஃப்டு என்றைக்காவது வர வேண்டும் என்று எழுதினால் அது பத்து வருஷம் கழித்து வந்தாலும் சரியாகிவிடும். அவர் நெடுநேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, பெரும்பாலும், என்று சொன்னார். அந்தப் பெரும்பாலுமுக்காகத்தான் சரி என்றேன். பதினாலு வருஷம் ஆகிறது. பெரும்பாலும் சரியாகத்தான் ஓடுகிறது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தெட்டு. பச்சை.

பழைய டீமில் என் நாற்காலி இன்னும் இருக்குமா, ஜன்னலோரம், கை வைக்கிற இடம் கிழிந்தது, நானே டேப் ஒட்டினேன். போய்த்தான் பார்ப்போமே, அங்கே ஷாந்தகுமாரி இருக்கிறாள், நன்றாகப் பேசுவாள், மத்தியானம் நடக்கப் போகலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் பதினாலு மாதத்தில் ஒரு நாள் வந்ததே, ஆகஸ்டில், நான் எழுதிய கருவி முதல் டெஸ்ட் கேஸைத் தானாக உண்டாக்கிய நாள், ஒரே வரி, ஒன்றாவது மாடியை அழுத்து, லிஃப்டு ஒன்றாவது மாடியிலேயே நிற்கிறது, கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான், யாரும் அதை எழுதவில்லை, அது விதிகளைப் படித்துத் தானே கேட்டது, நிற்கிற மாடியிலேயே அழுத்தினால் என்ன என்று. எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது, சுற்றிலும் எல்லாரும் வேலையாக இருந்தார்கள், கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை எந்த டீமில் கொண்டுபோய் வைப்பது. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று நாலு. இதெல்லாம் மெதுவாகப் போகும் என்று நினைக்கும்போது வேகமாகப் போகும். ஜெபசீலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நிறுத்தினான், இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு டெஸ்ட் கேஸ். பாஸ் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஃபெயில் பூஜ்யம்.

அவன் கை தட்டவில்லை, அது அவனுடைய வெற்றி, பதினாலு மாத வேலை ஒன்று வந்து அவன் எழுதியதை நாலாயிரம் தடவை உலுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் விழவில்லை என்று சொல்கிறது, வேறு யாராக இருந்தாலும் எழுந்து குதித்திருப்பார்கள், அவன் மெதுவாக, மேடம், ஒண்ணாவது ஃபெயில் ஆயிருக்கலாம்லா, என்றான், ஏதோ அவன் சரியாக எழுதியதே எனக்குச் செய்த துரோகம் மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, நன்றாக எழுதியிருக்கிறாய் ஜெபா, உன்னைத் திட்டவும் முடியாது என்றேன். ஜன்னலை மூடப் போனேன், திரையில் இருந்த ஜன்னலை. அதற்குள் அவன் கீழே விரலை வைத்து, இது என்ன லிஸ்ட்டு மேடம், என்று கேட்டான். உருவாக்க முடியாதவை, என்று தலைப்பு. அதை நான் பார்த்தே பல மாதம் ஆகிறது. முப்பத்தொரு விதிகளில் எந்த இரண்டை எடுத்தாலும், அந்த இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்கிற மாதிரி ஒரு சூழ்நிலையை என் கருவி உண்டாக்கப் பார்க்கும், மொத்தம் நானூற்று அறுபத்தைந்து ஜோடி, சில ஜோடிக்கு அப்படி ஒரு சூழ்நிலையே இருக்க முடியாது, அப்போது டெஸ்ட் கேஸும் இல்லை, அதை மட்டும் கீழே எழுதி வைத்துவிடும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் படிப்பேன், எல்லாம் நிஜமாகவே முடியாதவையாக இருக்கும், அதனால் படிப்பதை விட்டுவிட்டேன். முப்பத்தெட்டு இருக்கிறது. சும்மா சொல்லுங்களேன் என்றான், என்னைக் கொஞ்ச நேரம் பேச வைக்க வேண்டும் என்று நினைத்தான் போல. சொன்னேன். கதவு திறந்திருப்பதற்கு ஒரு விதி, ஓடிக்கொண்டிருப்பதற்கு ஒரு விதி, இரண்டும் சேர்ந்து நடக்காது, ஏனென்றால் திறந்தபடி ஓடாது. மேல் மாடியில் இருப்பதும் தரைத்தளத்தில் இருப்பதும் சேர்ந்து நடக்காது, ஏனென்றால் லிஃப்டு ஒன்றுதான். கரண்ட் இல்லாததும் மோட்டார் ஓடுவதும், ஏனென்றால், கரண்ட் இல்லை. அவன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஆமா மேடம் ஆமா மேடம் என்று தலையாட்டினான், எனக்கும் ஒரு ராகம் வந்துவிட்டது, இது நடக்காது ஏனென்றால், அது நடக்காது ஏனென்றால். இருபத்து மூன்றாவது. விதி ஒன்பதும் விதி இருபத்தெட்டும். தீ மணி அடிப்பதும் ஸ்ட்ரெச்சர் சாவி திரும்பியிருப்பதும். இது நடக்காது, ஏனென்றால், என்று ஆரம்பித்தேன். ஏனென்றால். ஏன் நடக்காது? தீ மணி அடிக்கும். அந்த நேரத்தில் யாரோ ஒரு நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளியிருப்பார்கள். நடக்கும். நன்றாகவே நடக்கும்.

விதி ஒன்பதைத் திறந்தேன், வந்தது சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. தீ மணி அடித்தால் லிஃப்டு எங்கும் நிற்காமல் தரைத்தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்து வைக்க வேண்டும். விதி இருபத்தெட்டு, போன வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டுச் சேர்த்த நாலு விதிகளில் முதலாவது, ஸ்ட்ரெச்சர் சாவியைத் திருப்பினால், சாவியை எடுக்கும்வரை, ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற மூன்றாவது மாடிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற நாலாவது மாடிக்கும் நடுவில் மட்டுமே லிஃப்டு ஓட வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது. ஒன்று கீழே போ என்கிறது. இன்னொன்று போகாதே என்கிறது. இரண்டையும் மதிக்கிற ஒரு நடத்தை உலகத்தில் இல்லை, அதனால்தான் என் கருவியால் டெஸ்ட் கேஸ் உண்டாக்க முடியவில்லை, உண்டாக்க முடியாததை அது ஒளிக்கவும் இல்லை, எழுதி வைத்துவிட்டு நாங்கள் பார்க்கக் காத்திருந்தது. கையால் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டில் தீ மணி ஒருவருடைய தாளில், ஸ்ட்ரெச்சர் இன்னொருவருடைய தாளில், இரண்டு பேரும் வேறு வேறு நாள் உட்கார்ந்து எழுதியவை. இந்த விதிகளை இரட்டை அர்த்தம் வராமல் எழுதியதாக மார்தட்டியவள் நான், இருபத்தெட்டாவதை என் கையாலேயே தட்டச்சு செய்தேன், அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்படி வந்தா இப்ப உன் புரோகிராம் என்ன பண்ணும் ஜெபா என்று கேட்டேன். அவன் ஏற்கனவே தன் இடத்துக்கு ஓடிப் புரோகிராமைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். சாவி திரும்பியிருந்தா மணியவே கேக்காது மேடம் என்றான். மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயே ஓடிக்கிட்டிருக்கும். ஏன் அப்படி என்றேன். பின்னால வந்த விதி, அதை மேல ஒட்டிட்டேன். அவ்வளவுதான். வேற காரணமே இல்ல.

தாஜுதீன் சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார், என்ன ஆச்சு வசுமதி என்றார், எத்தனை ஃபெயில். ஒன்றும் ஃபெயில் இல்லை சார், எல்லாம் பாஸ், என்று சொல்லிவிட்டு அந்த இருபத்து மூன்றாவது வரியை அவருக்குக் காட்டினேன். இரண்டு விதியையும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு தானே வாசித்தார், உதடு அசைய. அப்புறம், உட்காராமலேயே பதில் சொல்கிற அந்த மனிதர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய டீம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, எது ஜெயிக்கணும், மணியா சாவியா, என்று கேட்டார். ஜெபசீலன் மணி என்றான். நான் சாவி என்று நினைத்தேன், தியேட்டரிலிருந்து பாதி மயக்கத்தில் வருகிற ஆளைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதா, அப்புறம் மணி என்று நினைத்தேன், அப்புறம் எதுவும் நினைக்க முடியவில்லை, தர்க்கத்தில் இதற்குப் பதில் கிடையாது, யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். நாம மூணு பேரும் லிஃப்டுக்காரங்க, ஸ்ட்ரெச்சர் தள்ளினவங்க இல்லை, அங்கே கேட்போம் என்றார் சார், ஆஸ்பத்திரியில் தியேட்டருக்குப் பொறுப்பான நர்ஸ் விசாலத்தின் நம்பர் அவரிடம் இருந்தது, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். மணி ஒலித்தது, யாரோ எடுத்தார்கள், பின்னால் தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம், யாரையோ காலை நீட்டாதே என்று அதட்டுகிற குரல், அந்தக் குரலே போனுக்கு வந்து, சொல்லுங்க என்றது. நான்தான் பேசினேன். நான் யார், எந்த லிஃப்டு என்று சொல்லி, ஸ்ட்ரெச்சரில் ஆளை வைத்து மூன்றிலிருந்து நாலுக்குப் போகிறீர்கள், பாதி வழியில் தீ மணி அடிக்கிறது, லிஃப்டு உங்களை நாலாவது மாடியில் விட வேண்டுமா, தரைத்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று, ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி தெளிவாகக் கேட்டேன். பிறகு அந்த அம்மா, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்ட பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, "ஏனுங்க, தீ எந்த மாடீல புடிச்சுதுங்க?" என்று கேட்டார்.

ஜெபசீலன் என்னைப் பார்த்தான். தாஜுதீன் சார் என்னைப் பார்த்தார். முப்பத்தொரு விதிகளில் தீ எந்த மாடியில் என்று ஒரு வார்த்தை கிடையாது, எங்கள் லிஃப்டுக்குத் தீ என்றால் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான் தெரியும், தரைத்தளமே எரிந்துகொண்டிருந்தாலும் அது நேரே அங்கே போய்க் கதவைத் திறந்து வைக்கும், விதி ஒன்பது அப்படித்தான் சொல்கிறது, அதை எழுதியது நான், படித்தவர்கள் பத்துப் பேர், கையெழுத்துப் போட்டவர்கள் நாலு பேர். முதலில் பயம்தான், அதன் பின்னாலேயே, எப்படிச் சொல்வது, ஒரு குதூகலம், இந்த லிஃப்டு இன்னும் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது, யாரும் அதில் ஏறவில்லை, ஒரு மாதம் இருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றலாம். அந்தப் பக்கம் விசாலம் நிறுத்தவே இல்லை, பேஷன்ட்டுக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறதா, சிலிண்டர் கூடவே இருக்கிறதா, உள்ளே நர்ஸ் இருக்கிறாரா இல்லை வெறும் தள்ளுகிற ஆள் மட்டுமா, சாவியைத் திருப்பிவிட்டு எடுக்க மறந்துபோன கேஸ் என்றால் அது வேறு, அது வாரத்தில் மூன்று நாள் நடக்கும், என்று அடுக்கிக்கொண்டே போனார், கடலைமிட்டாய்க் காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன், அது நிறைந்துபோயிற்று, தாஜுதீன் சார் எழுந்து போய்த் தன் மேஜையிலிருந்து ஒரு முழு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்து வைத்தார், திங்கட்கிழமையிலிருந்து ஜெபசீலனும் உங்களோட இருக்கட்டும் என்று காதருகில் சொன்னார், நான் தலையை மட்டும் ஆட்டினேன், போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர், எழுதிக்கறேன்" என்றேன்.